திண்ணை முதல் குவார்ட்டர்ஸ் வரை: தென்னார்க்காட்டு வீட்டுப்பாடத்தின் வரலாறு

வீட்டுப்பாடம் கொடுக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர் முன் எப்போதும் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. பிள்ளை கையில் எதைக் கொடுத்தனுப்புவது என்பது ஒன்று. அதை எடுத்துக்கொண்டு பிள்ளை போய்ச் சேரும் வீட்டில் துணைக்கு யார் இருப்பார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை காலந்தோறும் மாறிவந்திருக்கிறது: பனையோலை, சிலேட்டு, நோட்டு, சைக்ளோஸ்டைல் தாள், அட்டை, பயிற்சி நூல், கடைசியாகக் கைப்பேசித் திரை. இரண்டாவது கேள்வியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆனால் கொடுத்த பாடம் பலித்ததா இல்லையா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்தது அதுதான். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இந்த இரண்டு கேள்விகளின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்கலாம். திண்ணைப் பள்ளிகள் நிறைந்திருந்த மாவட்டம் அது. அதே மண்ணில் 1950களின் இறுதியில் நெய்வேலி என்ற புதிய தொழில் நகரியம் எழுந்தபோது, பிள்ளைகள் திரும்பிப் போகும் வீடே வேறொன்றாக மாறியது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டக் கலெக்டர்களிடம் பள்ளிக்கூடங்களின் கணக்கைக் கேட்டார். 1826இல் தொகுத்து முடிக்கப்பட்ட அந்தக் கணக்கில் தென்னார்க்காட்டுக்கு 875 பள்ளிகளும் ஏறத்தாழ 10,500 மாணவர்களும் காட்டப்பட்டிருக்கிறார்கள். ஒரு பள்ளிக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பிள்ளைகள். மொத்தத் தொகையில் பெண் பிள்ளைகள் 104 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகள் எட்டாதவை. ஆகவே திண்ணை வாத்தியாரின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பேசும்போது அது எத்தனை வீடுகளுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு பிள்ளைகள் என்ற அளவு அந்தப் பள்ளியின் கற்பிக்கும் முறையைத் தீர்மானித்தது. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகும். எழுத்து கைக்கு வந்த பிறகு வாத்தியார் பனையோலை நறுக்கில் எழுத்தாணியால் ஒரு பாடத்தைக் கீறிக் கொடுப்பார். கீறல் கண்ணுக்குத் தெரிவதற்காக ஓலையில் மஞ்சளோ கரியோ பச்சிலைச் சாறோ தடவுவார்கள். அந்த ஓலையைப் படித்து, அதைப் பார்த்து எழுதி, மனப்பாடமாக ஒப்பித்த பிறகே அடுத்த ஓலை கிடைக்கும். ஓலைகள் சேரச் சேரத் துளையில் கயிறு கோத்துக் கட்டினால் அதுவே பிள்ளையின் சுவடி. இரண்டு பிள்ளைகளின் சுவடி ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் வேகத்துக்கும் தனித்தனியாகப் பாடப்பொருள் செய்து கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

பள்ளி விடியற்காலையில் தொடங்கிப் பொழுது சாயும் வரை நடக்கும். இடையில் சாப்பாட்டுக்கு மட்டும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வருவார்கள். எனவே இரவுக்கென்று எழுத்து வேலை எதுவும் கிடையாது, எழுத வெளிச்சமும் கிடையாது. வீட்டுக்குப் போனதெல்லாம் நினைவில் சுமக்கக்கூடியவை. 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதமான ‘என் சரித்திர’த்தில் இப்படிப்பட்ட ஒரு பயிற்சியை நினைவுகூர்கிறார். பள்ளி விடும் நேரத்தில் வாத்தியார் பிள்ளைகளுக்குப் பூ, பறவை, ஊர் என்று சில பெயர்களைச் சொல்லி அனுப்புவார். அவற்றை மறக்காமல் வைத்திருந்து மறுநாள் காலை வந்ததும் சொல்ல வேண்டும். கருவி எதுவும் இல்லாத வீட்டுப்பாடம் இது. செலவு இல்லை, எண்ணெய் வீணாவதில்லை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடப் படுக்கும் முன் “உன் பூ என்னடா?” என்று கேட்டுச் சரிபார்க்கலாம். வாத்தியாருக்கும் சரிபார்க்கும் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கணக்கும் அப்படித்தான். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று ஆகியவை அன்றைய கணக்குப் பாடங்கள். நெல்லிலக்கம் முகத்தலளவையின் கூட்டல் வாய்ப்பாடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று அது கலம் வரை ஏறும். திண்ணையில் பாடமாகச் சொன்ன அதே ஆழாக்கும் உழக்கும் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தன. தாய் உழக்கால் அளந்து உலையில் போடும்போது பாடம் கண்ணெதிரே நடந்தது. குழிமாற்று நிலத்தின் பரப்பைக் கணக்கிடுவது. அதைச் சரிபார்க்க ஊரில் நிலம் அளக்கத் தெரிந்த பெரியவர்கள் இருந்தார்கள். பாடத்தின் பொருளும் வீட்டின் பொருளும் ஒன்றாக இருந்ததால்தான் அந்த மனப்பாடம் நிலைத்தது. மனப்பாடம் என்ற முறையை மட்டும் பிரித்தெடுத்துப் பிற்காலத்தார் பின்பற்றியபோது அந்தப் பிடிமானம் கூடவே வரவில்லை.

சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், மணலில் எழுதுவதையும் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் இங்கிருந்து எடுத்துக்கொண்டு, 1797இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே திரும்பி வந்தது வேறொன்று. ஆண்டுக்கொரு முறை இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, தேறியவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் தரும் முறை அது. வாத்தியாரின் வயிற்றுப்பாடு அந்த ஒரு நாளைப் பொறுத்தது என்றானதும், இன்ஸ்பெக்டர் கேட்கக்கூடிய பக்கங்களே பாடமாயின. புத்தகத்தின் வரிகளை ஒப்பிப்பது என்ற வேலை நிலைபெற்றது இந்தக் காலத்தில்தான்.

அச்சுப் புத்தகம் வீட்டுக்குள் நுழைந்ததில் ஆறுமுக நாவலரின் பங்கு பெரியது. அவருடைய பாலபாடங்கள் 1850களில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் வரிசையில் வெளிவந்தன. 1864இல் தென்னார்க்காட்டுச் சிதம்பரத்தில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஓலை ஒரு பிள்ளைக்காக எழுதப்பட்டது. அச்சுப் புத்தகமோ எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றே. “நாளைக்கு இந்தப் பக்கம்” என்று வகுப்பு முழுவதற்கும் ஒரே வேலையைச் சொல்லி அனுப்ப முடிந்தது புத்தகம் வந்த பிறகுதான்.

சிலேட்டும் பலப்பமும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ்நாட்டுக் கிராமப் பள்ளிகளின் எழுதுபொருளாக இருந்தன. சிலேட்டின் குறை எல்லோருக்கும் தெரியும்: எழுதியது நிற்காது. முந்தின நாள் மாலை எழுதிய கணக்கு வழியில் சட்டையில் உரசி அழியும், தம்பியின் கை பட்டு அழியும், தூறல் பட்டாலும் அழியும். அதனால் ஆசிரியர் காலையில் முதல் வேலையாகச் சிலேட்டுகளை வாங்கிப் பார்த்துச் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடுவார். அதன் பிறகே கோவை இலையைக் கசக்கித் துடைத்துப் பிள்ளைகள் அன்றைய பாடத்தைத் தொடங்குவார்கள். ஆனால் சிலேட்டு ஒரு நன்மையையும் செய்தது. அதற்கு இரண்டு பக்கம்தான் உண்டு. ஒரு பக்கம் எழுத்து, ஒரு பக்கம் கணக்கு, அவ்வளவுதான். எந்த ஆசிரியர் நினைத்தாலும் அதற்கு மேல் வீட்டு வேலை கொடுக்க முடியாது. பிற்காலத்தில் கமிட்டிகளும் நீதிமன்றமும் வந்து விதிக்க வேண்டியிருந்த வரம்பை அந்தக் கல்பலகை தானாகவே விதித்திருந்தது.

வீட்டையும் பள்ளியையும் இணைப்பது பற்றி அரசே ஒரு முடிவெடுத்தது 1953இல். முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும். மிச்ச நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். ஆசிரியரும் கட்டடமும் பற்றாக்குறையாக இருந்த நிலையில் இரண்டு ஷிப்டாகப் பள்ளி நடத்தினால் இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் அப்பன் தொழிலைப் பிள்ளை கற்பது என்றால் இந்த நாட்டில் அதற்குச் சாதித் தொழில் என்றுதான் பொருள். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜரின் அரசு மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டது. வீட்டுப்பாட வரலாற்றில் இந்த ஓராண்டு முக்கியமானது. வீடு தன்னிடம் உள்ளதை மட்டுமே பிள்ளைக்குத் தரும். அது போதும் என்று பள்ளி ஒதுங்கிக்கொண்டால், பிள்ளை பிறந்த இடத்திலேயே நின்றுவிடும். தமிழ்நாட்டு மக்கள் இதைப் புரிந்துகொள்ள எந்தக் கல்வியாளரின் உதவியும் தேவைப்படவில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகளில் தென்னார்க்காட்டின் நடுப்பகுதியில், அப்பன் தொழில் என்பதே புதிதாகப் பிறந்த ஓர் ஊர் உருவாகத் தொடங்கியது. அப்பகுதி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் 1930களின் நடுவில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரிதான் அதற்குத் தோற்றுவாய். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி வெளியே வந்தது. 1962இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. கூடவே எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, மரம் நட்ட சாலைகளும் குவார்ட்டர்ஸ் வீடுகளும் கொண்ட நகரியம் எழுந்தது. நிறுவனமே பள்ளிகளைக் கட்டி நடத்தியது. கிறித்துவ சபைகளின் பள்ளிகளும் கேந்திரிய வித்யாலயாவும் வந்தன. நகரிய எல்லைக்கு வெளியே, மந்தாரக்குப்பம் பக்கமும் வடலூர் பக்கமும், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் இருந்தன.

நகரியத்து வீட்டில் மூன்று விஷயங்கள் வேறாக இருந்தன. முதலாவது மின்விளக்கு. அரிக்கேன் விளக்கடியில் நான்கு பிள்ளைகள் முண்டியடித்த காலத்தில் குவார்ட்டர்ஸ் பிள்ளை இரவு எட்டு மணிக்கும் எழுத முடிந்தது. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைக்குப் பல ஆண்டுகள் கழித்தே அது வாய்த்தது. ஒரே ஆசிரியர் இரண்டு வகை வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லும்போது, இரவில் எழுதி வரச் சொல்லும் வேலை ஒருவருக்கு எளிதாகவும் மற்றவருக்குத் தண்டனையாகவும் ஆகிவிடும். இரண்டாவது ஷிப்டு. சுரங்கமும் மின்நிலையமும் இரவு பகலாக ஓடுபவை. அப்பா ஒரு வாரம் மாலையில் வீட்டில் இருப்பார், அடுத்த வாரம் மாலையில் வேலையில் இருப்பார், இன்னொரு வாரம் இரவு வேலை முடித்துப் பகலெல்லாம் தூங்குவார். “அப்பாவிடம் கேட்டு நாளைக்கு எழுதி வா” என்ற வேலை இந்த ஊரில் நடக்காது. ஒரு வார அவகாசம் கொடுத்தால்தான் எல்லாப் பிள்ளைக்கும் அது சாத்தியம். மூன்றாவது மொழி. பொதுத்துறை நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்காரர்களோடு மலையாளம், தெலுங்கு, இந்தி பேசுவோரும் ஒரே வட்டத்தில் குடியிருந்தார்கள். தாய்க்குத் தமிழ் எழுத்தே தெரியாத வீடுகளும் அவற்றில் உண்டு.

அப்பாவின் தொழிலோ பக்கெட் வீல் யந்திரம், கன்வேயர் பெல்ட், பாய்லர், டர்பைன் என்று விரிந்தது. இவற்றில் எதையும் அவருடைய அப்பா பார்த்ததுகூடக் கிடையாது. வீட்டில் கற்றுக்கொடுத்துப் பிள்ளைக்கு விட்டுப்போகக்கூடிய தொழில் அது அல்ல. வேலைக்குச் சேரச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குப் பள்ளி வேண்டும். நகரியத்துப் பெற்றோர் வீட்டுப்பாடத்தை அத்தனை தீவிரமாக எடுத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம். நோட்டு நிறைய எழுதியிருந்தால் பிள்ளை படிக்கிறது என்ற நம்பிக்கையும் அங்கிருந்துதான் வளர்ந்தது.

நோட்டு வந்தபின் ஆசிரியரின் கைவேலை பெருகியது. எழுத்துக்கு இரட்டைக் கோடு, ஆங்கிலத்துக்கு நான்கு கோடு, கணக்குக்குக் கட்டம் என்று நோட்டுகள் பிரிந்தன. முதல் வகுப்பு ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் மேல் வரியில் அன்றைய எழுத்தைத் தம் கையாலேயே எழுதுவார். கை இன்னும் பழகாத பிள்ளைக்கு அதே எழுத்தைப் புள்ளிகளாக வைத்துக் கொடுப்பார், பிள்ளை புள்ளிகளை இணைத்துக்கொண்டு போகும். ‘அ’ என்ற எழுத்துக்குப் புள்ளி வைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. சுழி தொடங்கும் இடத்தில் புள்ளிகள் நெருக்கமாகவும், நேராக இறங்கும் கோட்டில் விலகியும் இருந்தால்தான் பிள்ளையின் கை சுழித்துத் திரும்பும். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் வைத்தால் சுழி கோணலாகிவிடும். நாற்பது நோட்டுக்கு இதைச் செய்ய ஆசிரியைக்கு இடைவேளையும் மதிய நேரமும் போய்விடும். மேல் வகுப்புகளில் இந்திய வரைபடத்தின் ரப்பர் ஸ்டாம்பு, உடல் உறுப்புப் படத்தின் ரப்பர் ஸ்டாம்பு ஆகியவை ஆசிரியரின் மேசையில் இடம்பிடித்தன. நோட்டில் ஒரு குத்து குத்தினால் ஆறுகளையும் ஊர்களையும் பிள்ளை வீட்டில் குறித்து வரும்.

இம்போசிஷனும் இதே நோட்டில்தான் நுழைந்தது. தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை, ஐம்பது முறை எழுதி வரச் சொல்வது. திண்ணையில் பிரம்பு செய்ததை இங்கே பேனா செய்தது. சிலேட்டில் ஐம்பது முறை எழுத இடமில்லை, நோட்டில் இருந்தது. தண்டனையும் பாடமும் ஒரே தாளில் ஒரே கையெழுத்தில் வந்தபோது, எழுதுவது என்றாலே தண்டனை என்று பல பிள்ளைகள் எடுத்துக்கொண்டன. வீட்டுப்பாடத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய கேடு இதுதான்.

அடுத்த பெரிய மாற்றம் பிரதி எடுக்கும் வசதியால் வந்தது. முதலில் ஜெல்லித் தட்டு. கிளிசரின் கலந்த ஜெலட்டினைத் தட்டில் உறைய வைத்து, ஊதா மையால் எழுதிய தாளை அதன்மேல் அழுத்தி எடுத்தால் மை ஜெல்லியில் இறங்கும். பிறகு வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தால் சில பத்துப் பிரதிகள் கிடைக்கும், கடைசிப் பிரதிகள் வெளிறிப்போகும். சைக்ளோஸ்டைல் அதைவிட வலுவானது. மெழுகுத் தாளான ஸ்டென்சிலில் ரிப்பன் எடுத்த டைப்ரைட்டரால் தட்ட வேண்டும், அல்லது கூர்முனைக் கம்பியால் எழுத வேண்டும். மெழுகு விலகிய இடம் வழியாக உருளையின் மை கசிந்து தாளில் பதியும். தப்பானால் சிவப்புத் திரவத்தால் அடைத்து மேலே மறுபடி எழுதலாம். படம் வரைவது கடினம், கம்பி கொஞ்சம் ஆழமாகப் போனால் ஸ்டென்சில் கிழிந்துவிடும். அதனால் அந்தக் காலத்துப் பயிற்சித் தாள்களில் நிழலும் நிறமும் இல்லாத எளிய கோட்டுப் படங்களே இருக்கும்.

சைக்ளோஸ்டைல் தாள் கேள்வியின் வடிவத்தையே மாற்றியது. கேள்வியும் விடைக்கான இடமும் ஒரே தாளில் வந்துவிட்டதால், ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’, ‘பொருத்துக’, ‘சரியா தவறா’ போன்றவை முன்னுக்கு வந்தன. பிள்ளைக்குக் கேள்வியைப் பார்த்தெழுதும் சுமை குறைந்தது. முழு வாக்கியம் எழுதும் பழக்கமும் கூடவே குறைந்தது. 1980களுக்குப் பிறகு ஜெராக்ஸ் கடைகள் பெருகியபோது அந்த உழைப்பும் தேவையற்றதாயிற்று. நான்கைந்து கைடுகளிலிருந்து வெட்டி ஒட்டி, ஒரு மணி நேரத்தில் பத்துப் பக்கத் தொகுப்பைச் செய்துவிடலாம். ஒரு ஸ்டென்சிலுக்கு ஒரு மாலைப் பொழுது செலவான காலத்தில் ஆசிரியர் எந்தக் கேள்வியை விடுவது என்று யோசித்தார். ஜெராக்ஸ் வந்த பிறகு விடுவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று, பையின் கனம் ஏறியது.

அந்தக் கனத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசியவர் சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே.நாராயண். மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த அவர், 1989இல் தம் முதல் உரையையே பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமைக்கு ஒதுக்கினார். அதன் தொடர்ச்சியாகப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு ‘சுமையற்ற கற்றல்’ என்ற அறிக்கையை 1993இல் தந்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம், மூன்றாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்றது.

1990களில் தென்னார்க்காட்டு ஆசிரியர்களுக்கு வேறொரு வாய்ப்பு கிடைத்தது. 1993இல் மாவட்டம் பிரிக்கப்பட்டு நெய்வேலி கடலூர்ப் பக்கம் சேர்ந்தது. அதற்கு அடுத்து வந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் முதல் கட்டமாகத் தேர்ந்தெடுத்த பகுதிகளில் பழைய தென்னார்க்காடும் ஒன்று. அத்திட்டத்தில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய், கற்பித்தல் பொருள்கள் செய்துகொள்வதற்காக. தொகை சிறிது. ஆனால் ஆசிரியரின் கைத்தொழிலுக்கென்று அரசு தனியாகப் பணம் ஒதுக்கியது பெரிய விஷயம். பக்கத்துப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையங்களில் மாதந்தோறும் கூடி ஆசிரியர்கள் மின்னட்டை வெட்டினார்கள், தீப்பெட்டியில் எழுத்து ஒட்டினார்கள், மணிச்சட்டம் கோத்தார்கள்.

அந்தக் காலத்துப் பொருள்களில் இன்றும் வகுப்பறையில் நிற்பது ஈர்க்குச்சிக் கட்டு. பிள்ளை வீட்டில் பழைய விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை ஒரே நீளத்தில் ஒடித்து நூறு எண்ணிக் கொண்டுவர வேண்டும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் பத்துக் கட்டு. 34 என்றால் மூன்று கட்டும் நான்கு உதிரிக் குச்சியும். 34இலிருந்து 18ஐக் கழிக்க வேண்டுமானால் உதிரியில் எட்டு இல்லை, ஒரு கட்டை அவிழ்த்தாக வேண்டும். ‘கடன் வாங்குதல்’ என்று கரும்பலகையில் புரியாத ஒன்று கட்டு அவிழும்போது கைக்குப் புரிந்துவிடுகிறது. இதற்கான வீட்டுப்பாடம் எண்ணி ஒடித்து வருவது மட்டும்தான். எண்ணிக்கை சரியா என்று படிக்காத தாயும் சொல்வார், இரவு ஷிப்டு முடிந்து வந்த தந்தையும் சொல்வார்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், வகுப்பறையை அடியோடு மாற்றியது. ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்த முறை அது. பாடங்கள் சின்னங்கள் போட்ட அட்டைகளாகப் பிரிந்தன, அவை ஏணிப்படியில் வரிசையாக நின்றன. பிள்ளை தன் வேகத்தில் அட்டை எடுத்துக் குழுவில் உட்கார்ந்து படிக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரும்பலகைக் கட்டம், தலைக்கு மேலே பிள்ளைகளின் வேலைகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். திண்ணையில் ஓலைக்கு ஓலை முன்னேறிய பிள்ளையை இது நினைவூட்டும். ஆனால் ஓலை வீட்டுக்குப் போனது, அட்டை போகவில்லை. தொலைந்தால் ஏணிப்படியில் ஒரு படி போய்விடும் என்பதால் அட்டைகள் வகுப்பறையிலேயே தங்கின. பெற்றோர் கண்ணுக்கு நோட்டும் தெரியவில்லை, புத்தகமும் தெரியவில்லை. பக்கத்து வட்டத்துத் தனியார் பள்ளிப் பிள்ளையின் டைரியில் தினமும் நான்கு வரி வீட்டுப்பாடம் இருக்கும்போது தன் பிள்ளை வெறுங்கையோடு வருவதைப் பார்த்த தாய்க்கு, பள்ளியில் நன்றாகத்தான் படிக்கிறது என்று எப்படித் தெரியும்? நல்ல முறை ஒன்று வீட்டோடு பேசாமல் விட்டதால் இழந்தது நிறைய.

2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபின் செயல்திட்டங்கள் பெருகின. ஸ்டேஷனரிக் கடைகளில் தலைவர்கள், விலங்குகள், பழங்கள் அச்சிட்ட படத்தாள்கள் விற்றன. அவற்றை வெட்டி சார்ட்டில் ஒட்டியது பெரும்பாலும் பெற்றோர்தான். பிள்ளையின் கை படாத வேலைக்குப் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைத்தது.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன் ஓர் உத்தரவில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்றும், பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் கூறினார். அந்த ஆண்டின் இறுதியிலேயே ஒன்றிய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது. உத்தரவு வீட்டுப்பாடம் எவ்வளவு இருக்கலாம் என்பதைத்தான் சொன்னது. இருக்கும் கொஞ்சம் எப்படி இருக்க வேண்டும் என்பது வழக்கம்போல ஆசிரியரின் பொறுப்பாகவே நின்றது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது எல்லாப் பாடமும் வீட்டுப்பாடமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பயிற்சித் தாளின் படத்தை அனுப்பினார்கள், பிள்ளைகள் விடையைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை மாலை வரை காத்திருக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன் அரிக்கேன் விளக்கு பிரித்த வீடுகளை இப்போது கைப்பேசி பிரித்தது.

அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபர் 27 அன்று பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தம் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் உதவிக்கு யார் என்ற கேள்விக்கு அரசு கொடுத்த நேரடியான விடை இது: பெற்றோரால் முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, நிலைக்கேற்ற பக்கங்களோடு பயிற்சி நூல் தரப்பட்டது. அந்த நூலைப் பிள்ளை பையில் வீட்டுக்குச் சுமந்து சென்றது. அட்டைக் காலத்தில் அறுந்த தொடர்பு ஓரளவு மீண்டது.

ஆசிரியர் கையால் ஸ்டென்சில் வெட்டும் தேவை இன்று இல்லை. எல்லாம் அச்சாகியே வருகின்றன, வராததை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அச்சடித்து வந்த தாளுக்குத் தன் பள்ளிப் பிள்ளையின் வீடு தெரியாது. வாரத்துக்கு இரண்டு மணி என்ற வரம்பை ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு இருபத்துநான்கு நிமிடம். அந்த நேரத்துக்குள் அடங்கி, காசு செலவில்லாமல், நகரியத்திலும் கிராமத்திலும் ஒன்றுபோல் செய்யக்கூடிய வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு தினசரி நாள்காட்டித் தாள். எந்த வீட்டிலும் ஏதோ ஒரு கடை கொடுத்த நாள்காட்டி ஆணியில் தொங்கும். கிழித்த தாளைப் பிள்ளை கொண்டுவர வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தே அதில் கிழமையைப் படிக்கும், எண்ணை வட்டமிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏழு தாள்களை வரிசைப்படுத்தி வரும். நான்காம் வகுப்பில் ராகு காலம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்த்து, ஒவ்வொரு நாளும் அது ஒன்றரை மணி நேரம்தானா என்று கழித்துக் காட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அப்பாவின் ஒரு மாத ஷிப்டுகளை நாள்காட்டியில் குறித்து, அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எந்த ஷிப்டில் இருப்பார் என்று கணக்கிடும். அப்பா சொந்த வயலில் வேலை செய்பவரானால் நடவு முதல் அறுப்பு வரை எத்தனை நாள் என்று எண்ணும். சரிபார்க்க ஆசிரியருக்கு விடைத்தாள் வேண்டியதில்லை. நாள்காட்டியின் அடுத்த தாள்களே விடையைச் சொல்லிவிடும்.